பின்வளவு யாருக்கு

அக்கா போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அக்கா என்னோடு பேசுவது எப்போதாவதுதான். யாராவது செத்தால் எடுப்பாள், இல்லையென்றால் சாகக் கிடந்தால் எடுப்பாள். எடுத்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டு "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவள் அன்றைக்குச் சாப்பாட்டை விசாரித்தாள், மழையை விசாரித்தாள், என் முழங்கால் நோவையும் விசாரித்தாள். சோழியன் குடுமி சும்மா ஆடாது. கழுவிக்கொண்டிருந்த இடியப்பத் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு, அடுத்து என்ன வரப்போகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை வா. அம்மா வரச் சொல்றா. வளவு விசயமாக் கொஞ்சம் கதைக்க வேணும்."

"என்ன வளவு விசயம்?"

"வாவன், வந்தாத் தெரியும். காலையிலேயே வந்திரு. நல்ல சாறி ஒண்டு உடுத்திட்டு வா."

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி வசனத்தைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். நல்ல சாறி உடுத்திட்டு வா. என்னுடைய அக்கா! நான் முதன்முதலில் சேலை கட்டிக்கொண்டு ஊருக்குப் போன அன்று, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்குமுன் ஒரு போர்வையைக் கொண்டுவந்து என்மேல் போர்த்தியவள் இவள்தான். அதற்குப் பிறகும் நான் வருகிறேன் என்று சொன்னால், "சும்மா ஒரு சட்டையப் போட்டுட்டு வா, ஆக்கள் பாப்பாங்க" என்பாள். கோயில் கிடாய்க்கு மாலை போடுவது எதற்கென்று கிடாய்க்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

நான் ஒரு திருநங்கை. வாழைச்சேனையில், துறைமுகத்துக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து இடியப்பம் அவித்து விற்கிறேன். கடலால் வருகிறவர்களுக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் பக்கத்துத் தேநீர்க் கடைகளுக்கும் விடியற்காலையில் என்னுடைய இடியப்பம்தான். சம்பலும் சொதியும் என் கைப்பக்குவம். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, என்னைப் பார்த்து விசிலடித்த வாய்களே வந்து இன்னொரு கரண்டி சொதி கேட்கின்றன. கொடுப்பேன். விசிலுக்குப் பதில் சொல்லவும் எனக்குத் தெரியும், அதைச் சொதியோடு சேர்த்தே ஊற்றுவேன்.

வீட்டில் என் உயரத்துக்கு ஒரு கண்ணாடி வைத்த அலுமாரி இருக்கிறது. மத்தியானம் வேலை முடிந்ததும் குளித்து, தலையைக் காயவைத்து, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். எனக்கு என்னைப் பிடிக்கும். அகலமான தோளையும் பிடிக்கும், கரகரத்த குரலையும் பிடிக்கும். ஒரு காலத்தில் அந்தக் குரலை ஒளித்துக்கொண்டு கடைகளில் கையால் காட்டிச் சாமான் வாங்கினேன். இப்போது சந்தையில் மீன்காரரோடு சத்தம் போட்டு விலை பேசுகிறேன். சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்குப் போனால் பெண்கள் பக்கத்தில்தான் நிற்பேன். முதல் வருடம் பக்கத்தில் நின்றவர்கள் சற்று விலகினார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அவர்களே "இஞ்சால வந்து நில்லுங்க, வெயில் படுது" என்று இடம் தந்தார்கள். ஏன் தருகிறார்கள் என்று அப்போதும் ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் போய் நின்றேன்.

ஏனென்றால் சந்தேகம் எனக்குள் ஊறிப்போன ஒன்று. அது சும்மா வரவில்லை. ஒரு தேநீர்க் கடைக்காரர், "நீங்க கஷ்டப்பட்டு வராதீங்க, நானே ஆள் அனுப்புறன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைக் கண்டால் அவருடைய வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இன்னொரு தடவை, என்னைப் பற்றி நல்லதாக எழுதப்போகிறோம் என்று இரண்டு பேர் வந்து, என் வீட்டில் சாப்பிட்டு, என்னைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் ஊரில் ஒவ்வொரு போனிலும் சுற்றியது, கீழே எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். பஸ்ஸில் "அக்கா, இருங்க" என்று எழும்பி இடம் தருகிறவனின் கை பிறகு எங்கே வருகிறது என்றும் பார்த்திருக்கிறேன். அதனால் யாராவது அன்பாகப் பேசினால் எனக்கு முதலில் வருவது பயம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். நான் அடுப்பங்கரையிலேயே பிழைக்கிற பூனை, ஆகவே எந்த அடுப்பில் நெருப்பு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அக்காவின் அழைப்புக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வழமை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்கு. கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் போய் இருப்பான். ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கு ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டுத் தாங்கள் அந்த வீட்டிலிருந்து வெளியேறி, அதே வளவில், ஒரே வேலிக்குள், பின்னுக்கோ பக்கத்திலோ சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அந்த வளவு சீதனமாக வந்தது. அக்கா கல்யாணம் முடித்தபோது முன்வீட்டை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் பின்வளவில், வாவிப் பக்கமாக, இரண்டு அறையும் ஒரு குசினியும் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். அப்பா அந்தச் சின்ன வீட்டில்தான் செத்தார். அம்மா இப்போதும் அதில்தான் இருக்கிறார். ஆண் பிள்ளை என்று பிறந்தவனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை, எங்கேயோ ஒரு மாமனார் அவனுக்கு வீட்டோடு காத்திருப்பார் என்பதுதான் ஏற்பாடு. எனக்கு யாரும் காத்திருக்கவில்லை. அதனால்தான் வாடகை வீடு.

அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. முன்வீடு மூத்தவளுக்குப் போனால் இளையவளுக்கு எது? பின்வளவு. பின்வளவில் இருப்பது யார்? அம்மா. அம்மா எங்கே போவார்? ஒற்றைக் கட்டையாக, கேட்பார் இல்லாமல், வாழைச்சேனையில் ஒருத்தி இருக்கிறாளே, அங்கே. எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

மறுநாள் ராத்தா அரிசி மாவோடு வந்தார். ராத்தா என்பது ஏறாவூரில் மா இடித்து விற்கிற ஒரு முஸ்லிம் பெண். எனக்கு மூத்தவர், என்னோடு எந்த வேஷமும் போடாமல் பேசுகிற ஒருசிலரில் ஒருவர். மாவு பழையது என்று நான் சொன்னால், "உன்ட மூக்குத்தான் பழசு" என்று திருப்பித் தருவார். அன்றைக்கு மூட்டையை இறக்கியதுமே என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன புள்ள, மொகம் செத்துப்போய்க் கிடக்கு?"

சொன்னேன். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"உங்கட வளவுக்குள்ள கயிறு புடிச்சி அளக்குறாங்கெண்டு எங்கட மனிசன் சென்னாருதான். மா போடப் போகக்குள்ள கண்டிரிக்காரு. உன்ட அத்தான்தான் நிண்டாராம். ஒனக்குச் செல்லலாமா வேணாமா எண்டு பாத்துட்டு இரிந்தன்."

"பாத்தீங்களா ராத்தா!"

"எங்கட ஆக்களுக்குள்ளயும் இதே வழமதானே. மூத்தவளுக்குக் கட்டிக் குடுத்து முடியக்குள்ள இளையவ வந்து நிப்பா. எங்க கட்டுற எண்டு தல வெடிக்கும். அதுக்காக உம்மாவ வெளிய போடுறதா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டும் செல்லுவாங்க. போய்ப் பாத்துட்டுக் கோவப்படு" என்றார்.

எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியது. அன்று பின்னேரமே உள் அறையில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் குசினிக்கு மாற்றினேன். அறையைக் கழுவினேன். அம்மாவின் பாய் எந்தச் சுவர்ப் பக்கம் போட்டால் காற்று வரும் என்று படுத்துப் பார்த்தேன். அம்மா என்னோடு வந்து இருப்பது எனக்குப் பாரமே இல்லை, உண்மையில் அந்த அறையைக் கழுவும்போது எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது. இவ்வளவு காலமும் என்னை ஒரு பிள்ளை என்று கணக்கில் எடுக்காதவர்கள், தாயை இறக்கி வைக்க ஒரு இடம் தேவைப்பட்டதும் போன் எடுத்து முழங்கால் நோவை விசாரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே மிக நல்ல சேலையைக் கட்டினேன். பச்சையில் மஞ்சள் கரை. வெட்டப்படப் போகிற கிடாயாக இருந்தாலும் அழகான கிடாயாகப் போவோம் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்து, என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்தேன். வயல் வட்டைகள் எல்லாம் அறுத்து வெறுமையாகக் கிடந்தன.

எங்கள் வீட்டுக்கு நான் போவது எப்போதும் பின்னால்தான். வாவிக் கரையோடு போகிற ஒழுங்கையால் நடந்து, அம்மாவின் குசினிப் பக்கத்துச் சின்னப் படலையால் உள்ளே போவேன். முன்படலையை எனக்கு மூடியவர் அத்தான். போர்வை போர்த்திய அதே நாளில், "இந்தக் கோலத்தில முன்வாசலால வராத, நான் நாலு பேரோட பழகிற ஆள்" என்றார். கத்தவில்லை, கும்பிட்டுக் கேட்பது போல்தான் கேட்டார். அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது. அம்மா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வந்தால் சோறு போடுவார், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார், நான் போகும்போது தேங்காயும் புளியும் கட்டித் தருவார். நான் என்ன என்பதைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறந்தது கிடையாது.

அன்று நான் ஒழுங்கைக்குத் திரும்புமுன் அத்தான் தெருவுக்கு வந்து கையைக் காட்டினார்.

"அங்கால எங்க போறாய்? இஞ்சால வா."

முன்படலையை அகலத் திறந்து வைத்திருந்தார். புதுச் சாரம் கட்டியிருந்தார். நெற்றியில் திருநீறு வேறு. நான் படலைக்கு வெளியே நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண் முற்றம் கூட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அத்தான் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், "வாவன்" என்றார் மறுபடியும். ஊர் பார்க்க என்னை முன்வாசலால் ஏற்றுகிறார் என்றால், கேட்கப்போவது பெரிதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் இல்லை. தகப்பனின் சகோதரி வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம். வசதியாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அக்கா கதிரையைத் துடைத்துப் போட்டாள். துடைத்து! தேத்தண்ணி வந்தது, பிறகு சோறு வந்தது, வாவி இறாலைத் தேங்காய்ப் பாலில் பிரட்டல் வைத்திருந்தாள். எனக்கு மிகவும் பிடித்த கறி. அதையும் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்றால் எவ்வளவு திட்டம் போட்டிருப்பாள். அம்மா அக்காவின் குசினியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாறி நல்லாயிரிக்கு" என்றார், தேங்காயைப் பார்த்துக்கொண்டு.

சாப்பிட்டேன். கோபத்தில் இருந்தாலும் இறாலை மிச்சம் விடவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு, பையை வைக்கிற சாட்டில் பின்னால் நடந்தேன். பின்வளவில் அடிக்கிறதுக்குச் சீவிய முளைகள் கிடந்தன. தும்புக் கயிறு ஒன்று கிணற்றடியிலிருந்து வேலி வரை பாதி இழுத்தபடி தரையில் கிடந்தது. ராத்தா சொன்னது சரி. அம்மாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன், போன இடத்திலேயே நின்றுவிட்டேன்.

வீடு வெறுமையாக இருந்தது. கட்டில் இல்லை. சாமிப் படங்கள் இருந்த சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள், சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை. ஒரு மூலையில் அம்மாவின் தகரப் பெட்டி கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டப்பட்டு, அதற்கு மேலே சுருட்டிய பாயும் தலையணையும் இருந்தன. உயிரோடிருக்கிற மனுஷியின் வீட்டைக் கழுவித் துடைத்து, அவரைப் பெட்டியோடு மூலையில் வைத்துவிட்டார்கள். எனக்குக் கண் மங்கிவிட்டது. வழியெல்லாம் பேசிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் நினைவில் இல்லை. வெளியே வந்தேன். அத்தானும் அக்காவும் கயிற்றடிக்கு வந்திருந்தார்கள், அம்மா துருவிய கையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாம் விளங்குது" என்றேன். என் குரல் வாவி தாண்டிக் கேட்டிருக்கும். "கயிறும் புடிச்சாச்சு, வெள்ளையும் அடிச்சாச்சு, பெட்டியும் கட்டியாச்சு. இனி என்ன, கிழவிய ஓட்டோவில ஏத்திறதுதான் மிச்சம். நான் கொண்டு போறன். என்ட வீட்டில அறை கழுவி வச்சிரிக்கன். உங்கட வளவில எனக்கு ஒரு புல்லும் வேணாம். ஆனா இறால் கறியும் முன்வாசலும் காட்டி என்ன ஏய்க்க வேணாம் சொல்லிட்டன்."

அத்தானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆர் கிழவி?" என்றார் அம்மா.

"இவ என்ன விசர்க்கதை கதைக்கிறா?" என்று அத்தான் அக்காவைக் கேட்டார். "நீ போனில என்னத்தச் சொன்ன?"

"நான் ஒண்டும் சொல்லல்ல, வரச் சொன்னன்" என்ற அக்கா என் பக்கம் திரும்பினாள். "அம்மாவ ஆர் எங்க அனுப்பிற? அம்மா எங்களோட முன்வீட்டுக்கு வாறா."

"ஏன்? அவக்கு அவட வீடு இரிக்குத்தானே? அத உன்ட இளையவளுக்கு எடுக்கத்தானே இந்தக் கூத்து?"

"இளையவளுக்கு வட்டைப் பக்கத்தில இவர்ர காணி இரிக்கு. அங்க கட்டுவம். இது உனக்கு."

"எது எனக்கு?"

"இந்த வீடு. கிணத்தடியிலரிந்து அங்கால முழுக்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இதில் எங்கே பொறி இருக்கிறது என்று மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மாவின் பெட்டியைக் கைகாட்டினேன்.

"அப்ப ஏன் அம்மாட பெட்டியக் கட்டி வச்சிரிக்கு?"

அம்மாவுக்கு என்மேல் பொறுமை போய்விட்டது. "பின்ன? வீட்டக் குடுத்தாத் தாய் அதுக்குள்ள இரிக்கலாமா? உன்ட அக்காவுக்கு முன்வீட்டக் குடுக்கக்குள்ள நானும் அப்பாவும் பெட்டியத் தூக்கிட்டு வெளிய வந்ததக் காணல்லயா? வழம தெரியாதமாதிரிக் கேக்கிறாய்."

"அது பொம்பிளப் பிள்ளைக்கு அம்மா!" என்றேன்.

என் வாயாலேயே சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று எனக்கு என்னைப் பிடிக்கும் என்று சொல்கிற நான், கோயிலில் பெண்கள் பக்கத்தில் நிற்கிற நான், என்னைத் தப்பாகக் கூப்பிட்டவனைச் சந்தையில் நாறடித்த நான், பச்சைச் சேலையோடு அந்த வளவின் நடுவில் நின்றுகொண்டு, அது பெண் பிள்ளைக்கு என்று என் தாய்க்கு வழமை சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக் கணக்கு என்று வந்ததும் நான் என்னையே மறந்துபோனேன். மூன்று நாளாக எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன், எனக்காக இருக்கலாம் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"ஓம். அதுதான் குடுக்கிறன்" என்றார். பிறகு, கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவை மற்றக் கையால் தட்டிக்கொண்டு, "உன்ன ஆம்பிளப் பிள்ள எண்டு நினைச்சு நான் உனக்கெண்டு ஒண்டும் வைக்கல்ல. அதாலதான் இவ்வளவு பிந்திப்போச்சு" என்றார்.

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அழகாக எல்லாம் அழவில்லை, மூக்கால் வடிய, கண்மை கரைய, கரகரத்த குரலில் ஓலமிட்டு அழுதேன். அத்தான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தன் சேலைத் தலைப்பை நீட்டினாள், பிறகு கண்மை படும் என்று யோசித்தாளோ என்னவோ, உள்ளே போய் ஒரு பழைய துவாயைக் கொண்டுவந்து தந்தாள்.

அழுது முடிந்ததும் சந்தேகம் மறுபடியும் தலையைத் தூக்கியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

"இப்ப ஏன்? இவ்வளவு காலமும் இல்லாம?"

"எனக்குத் தனிய ஏலாது" என்றாள் அக்கா, பட்டென்று. "அம்மாக்கு இரவில மூச்சு முட்டி இழுக்குது. நீ பக்கத்தில இரிந்தா எனக்குப் பெரிய உதவி. அது பொய்யெண்டு சொல்லல்ல. ஆனா வீடு அம்மாட முடிவு. நாங்க மறுக்கல்ல, அவ்வளவுதான்."

அந்தப் பதிலை நான் நம்பினேன். அதில் அவளுக்கும் ஒரு லாபம் இருந்தது, அதனால் நம்ப முடிந்தது. அத்தானைப் பார்த்து, "உங்களுக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றேன். அவர் காலால் மண்ணைக் கிளறினார்.

"சொல்றவங்க சொல்லுவாங்க. நான் முன்னம் சொன்னது உனக்கு மறந்திரிக்காது எண்டு தெரியும். அதுக்குத்தான் தெருவில வந்து நிண்டன்" என்றார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இப்போதைக்கு இவ்வளவு போதும் என்று வைத்துக்கொண்டேன்.

"இத போனிலயே சொல்லியிரிக்கலாமே அக்கா? மூண்டு நாள் நித்திரை இல்ல எனக்கு."

"சொன்னா வந்திருப்பியா? உனக்கு ஆரும் நல்லது சொன்னா நம்பிக்கையா? ஏதோ சதி எண்டு போனையே நிப்பாட்டிரிப்பாய். நல்ல நேரத்தில முளை அடிக்க வேணும், உடுத்திப் படுத்தி வரட்டும் எண்டுதான் சாறியச் சொன்னன்."

உண்மைதான். நிறுத்தியிருப்பேன்.

"சரி, வீட்டத் தாறீங்க" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மாப்பிள்ளை ஆர் வரப்போறான் இந்த வீட்டுக்கு?"

"வந்தா வரட்டும், வராட்டி விடட்டும்" என்றார் அம்மா. "மாப்பிள்ளை இல்லாட்டி மனிசருக்கு இரிக்க வீடு வேணாமா? எழும்பு. நேரம் போகுது. போய்க் கயித்தப் புடி."

சேலைக் கொய்யகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடியில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அத்தான் மறுமுனையை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தார். அங்கே ஒரு தேசிமரம் எலுமிச்சங்காய்கள் நிறையக் காய்த்து நின்றது. அவர் நேராகப் போய், மரத்தடியில் சற்று யோசித்து, ஒரு எட்டு என் பங்குப் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டு முளையை ஊன்றினார். எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது.

"அத்தான், கயிறு வளையுது."

"எங்க வளையுது?"

"மரத்தடியில. நேர இழுத்தா மரம் என்ட பக்கம்."

"மரம் நான் நட்டது!" என்று அக்கா என் பின்னாலிருந்து பாய்ந்து வந்தாள். "நான் தண்ணி ஊத்தி வளத்த மரம். வந்து கால் ஊண்டல்ல, அதுக்குள்ள எல்லைச் சண்டை!"

"நட்டது நீதான். நிக்கிறது என்ட வளவில."

"அம்மா, பாருங்க இவளை!"

அம்மா பார்க்கவில்லை. துருவிய தேங்காய் புளித்துவிடும் என்று முன்வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"ரெண்டு பொம்பிளப் பிள்ளையப் பெத்தவளுக்கு எண்டைக்கும் இந்தச் சண்டைதான்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அக்கா அத்தானின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்தாள். நானும் விடவில்லை.